பழைய ஜீப்பும் புதிய தாரும்: மலைத் தோட்டத்தில் ஓட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி

1. ஏலத்தோட்டத்தான் (போடிநாயக்கனூர்)

அனைவருக்கும் வணக்கம். பூப்பாறைக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது, குடியிருப்பது போடியில். வீட்டு முற்றத்தில் மூன்று மஹிந்திரா வண்டிகள் நிற்கின்றன. அப்பா 1991-இல் எடுத்த எம்எம்540 ஜீப், நான் 2013-இல் எடுத்த தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல் எஞ்சின் உள்ள வகை), தம்பி 2021-இல் எடுத்த புதிய தார் டீசல். பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்த நாள் முதலே, ஜீப்பை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. இந்த ஆண்டு மீண்டும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் முடிவெடுத்தாக வேண்டும். அதற்கு முன் இந்த மூன்று தலைமுறைகளையும் ஓட்டியவர்களின் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன்.

"பழையது ஜீப், புதியது கார்" என்று பலரும் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். மூன்றையும் ஒரே பாதையில் ஓட்டுகிறவன் என்ற முறையில் அந்த வரி சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கியது. உயரமான எஞ்சினுக்கு இடம் கொடுப்பதற்காகப் பானட்டை உயர்த்திக் கட்டிய சிஜே-3பி என்ற வண்டியின் வழியில் வந்ததுதான் அப்பாவின் எம்எம்540. முன்னும் பின்னும் ஒரே துண்டாக நிற்கும் ஆக்சில், அதைத் தாங்கும் ஸ்பிரிங் பிளேட்டுகள், மேலே ஏணி போன்ற சேசிஸ் என்று அதன் அடிப்பகுதி அறுபது ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. 2010 அக்டோபரில் வந்த தார் பார்ப்பதற்கு அதே ஜீப்தான். ஆனால் குனிந்து பார்த்தால், முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) அமைப்பு; பின்பக்கம் மட்டுமே பழைய பிளேட். 2020-இல் வந்த வண்டியிலோ பின்பக்கத்துப் பிளேட்டும் போய், நான்கு மூலைகளிலும் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. பின் ஆக்சில் மட்டும் இன்னும் ஒரே துண்டுதான். ஆகவே அடிப்பகுதியில் பெரிய மாற்றம் தொடங்கியது 2010-இல். அது கண்ணுக்குத் தெரிந்தது 2020-இல். முகத்தைப் பார்த்தே எடைபோடுகிற நாம் முதல் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை என்பது என் எண்ணம்.

அப்பாவின் ஜீப்பைக் காலையில் எடுப்பது ஒரு தனி வேலை. சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். மார்கழி மாதத்தில் இரண்டு முறை சூடேற்றினால்தான் பிடிக்கும். கியர் தடிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டித் தடிகள் இருக்கும். ஒன்று முன் ஆக்சிலை இணைக்க, மற்றொன்று லோ கியருக்கு, அதாவது எல்லாக் கியர்களிலும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதற்கு. அப்பா ஓட்டும்போது இடது கை பாராமலே அந்த இரண்டில் சரியானதைத்தான் தொடும். பவர் ஸ்டியரிங் கிடையாது. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது தோள்பட்டை வலிக்கும். 2013 வண்டியில் இந்த இரண்டு சிரமங்களும் இல்லை. தம்பியின் வண்டியில் ஏறினால் மலை ஏறுகிறோம் என்பதே மறந்துபோகிறது.

என் கேள்வி இதுதான். தோட்ட வேலைக்கு, அதாவது மழைக்காலச் சேற்றுப் பாதை, உரமூட்டை, வேலையாட்கள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து, எதை வைத்துக்கொள்வது நியாயம்?

2. பட்டறைக்காரன் (கம்பம்)

இருபத்தேழு ஆண்டுகளாக ஜீப் வேலை பார்க்கிறவன் நான். நண்பர் அடிப்பகுதியிலிருந்து பேச்சைத் தொடங்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஸ்பிரிங் பிளேட்டைப் பழைய காலத்துப் பொருள் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. சுமையைத் தாங்குகிறது, ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கிறது, பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தையும் ஓரளவு அடக்குகிறது. காயில் ஸ்பிரிங் சுமையை மட்டுமே தாங்கும். ஆக்சிலைப் பிடித்து வைக்கத் தனித்தனிக் கம்பிகளும், ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ரப்பர் புஷ்ஷும் வேண்டும். எண்ணிக்கை கூடும்போது தேயும் இடங்களும் கூடும்.

பல ஆண்டுகளுக்கு முன் கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து உரமூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். அளவுக்கு மீறி ஏற்றியது என் தவறு. ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின் இடதுபக்கத்து மெயின் பிளேட் முறிந்து, ஆக்சில் பின்னால் நகர்ந்து, டயர் பாடியில் உரசி நின்றுவிட்டது. பக்கத்தில் கிடந்த சவுக்குக் கட்டையை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே அதைச் செருகி, தார்ப்பாய்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினேன். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, நடக்கும் வேகத்தில் ஊர் வந்து சேர்ந்தேன். அடுத்த நாள் காலையில் உள்ளூர்ப் பட்டறையிலேயே புதுப் பிளேட் போட்டாயிற்று. காட்டுக்குள் வேலை செய்யும் வண்டிக்கு இந்தக் குணம் எவ்வளவு பெரியது என்பதை, அங்கே இருட்டில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

எஞ்சினும் அப்படியே. எம்எம்540-இல் இருக்கும் 2112 சிசி பூஜோ டீசலுக்கு எந்திரப் பம்ப், கம்ப்யூட்டர் கிடையாது. டீசலும் காற்றும் சூடும் சரியாக இருந்தால் ஓடும்; ஓடவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம், கையால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிகுந்த அழுத்தத்தோடு டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சின் வந்தபின் சக்தி கூடியது, புகை குறைந்தது, மைலேஜும் கூடியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் இன்ஜெக்டர்கள் மிக நுண்ணியவை. டீசலில் தண்ணீர் கலந்தால் பழைய எஞ்சின் இருமிக்கொண்டாவது வீடு வந்து சேரும். புதிய எஞ்சினில் செலவு பெரிதாகிவிடும். கேனில் டீசல் வாங்கிப் போய்த் தோட்டத்தில் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள், ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மறக்காமல் திறந்துவிட வேண்டும்.

3. மலைச்சரிவு (குன்னூர்)

பட்டறைக்கார அண்ணன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மதிக்கிறேன். ஆனால் பழுது பார்ப்பது எளிது என்பதும், ஏறுவது எளிது என்பதும் வேறு வேறு. இரண்டையும் கலந்து பேசினால் ஒப்பீடு தவறிப்போகும்.

நான்கு சக்கரமும் இயங்குகிறது என்று நாம் சொன்னாலும், ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக இறுக்கும் பூட்டு இல்லாத வண்டியில் அது முழு உண்மை அல்ல. வளைவில் வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஆக்சிலின் நடுவிலும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. அது இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருப்பு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றினால், அதற்குத் தேவைப்படும் சிறிய விசையே மறுபக்கத்துக்கும் போகும். ஆகவே குறுக்கு மூலையாக முன்சக்கரம் ஒன்றும் பின்சக்கரம் ஒன்றும் பிடிப்பை இழந்தால், லோ கியரில் போட்டாலும் வண்டி அங்கேயே நின்றுவிடும். எம்எம்540-க்கும் 2013 தாருக்கும் இதுதான் கதி. 2015-இல் தாரைப் புதுப்பித்தபோதுதான் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் வந்தது. ஒரு சக்கரம் மற்றதைவிடக் கணிசமான வேகத்தில் சுற்றத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் எந்திர அமைப்பு இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடும். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அடுத்த நொடி வண்டி முன்னேறும். 2020 வண்டியில் இதோடு இன்னொரு துணையும் உண்டு: வழுக்குகிற சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து, மறுபக்கத்துக்கு விசையை அனுப்புகிறது.

அளவுகளையும் பாருங்கள். பழைய தாரின் முன்கோணம், அதாவது முன்பம்பர் தட்டாமல் ஏறக்கூடிய சரிவு, 44 பாகை; பின்பம்பர் தட்டாமல் கடக்கக்கூடிய பின்கோணம் 27 பாகை. புதியதில் முன்கோணம் 41.8 ஆகச் சற்றே குறைந்திருக்கிறது, ஆனால் பின்கோணம் 36.8 ஆக உயர்ந்திருக்கிறது. தரை இடைவெளி 200 மில்லிமீட்டரிலிருந்து 226 ஆகியிருக்கிறது. பழைய தார் பள்ளத்தில் இறங்கிவிடும்; ஏறி வெளியே வரும்போதுதான் பின்பம்பர் மண்ணை உழும். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வடிகால் வாய்க்கால்களைக் கடக்கும் இடத்திலெல்லாம் அந்த உழுத தடத்தைப் பார்த்திருக்கிறேன். திருப்பு விசையும் 247 நியூட்டன் மீட்டரிலிருந்து 300 ஆகியிருக்கிறது. செங்குத்தில் நின்று எடுப்பதற்கு அந்த வேறுபாடு காலுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் பழையதன் பக்கம் ஒப்புக்கொள்கிறேன். புதியது அகலம். 1726 மில்லிமீட்டர் அகலத்தில் உரசாமல் போன செடிவரிசைப் பாதையில், ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் கூடுதல் அகலம் என்பது கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகும் நிலை.

4. சின்னமனூர் வாசகன்

ஒரு சிறு ஐயம். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையிலும் போட்டு ஓட்டலாமா? மழை நாளில் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

5. பட்டறைக்காரன் (கம்பம்)

கூடாது. இந்த மூன்று வண்டிகளிலும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் அதிகத் தூரம் ஓட முயலும்போது மண்ணாக இருந்தால் சற்று வழுக்கிச் சமன் செய்துகொள்ளும். பிடிப்புள்ள சாலையில் அதற்கு வழியில்லாமல் முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களிலும் ஜாயின்ட்டுகளிலும் ஏறும். தடி இறுகி, எடுக்கவே வராத நிலையில் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கம் தளர்ந்து தடி விடுபடும்.

6. இரவுப்பணி (தேனி)

நான் மெக்கானிக் அல்ல. அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். இவ்வளவு நேரம் எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் பற்றிப் பேசியவர்கள், முதல் பதிவில் நண்பர் எழுதிய "வேலையாட்கள்" என்ற சொல்லைக் கடந்து போய்விட்டீர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் எழுத வந்தேன்.

விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. பின்னால் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். அவற்றில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பவருக்கு, வண்டி எதிலாவது மோதினால் உடல் முன்னோக்கிப் போவதில்லை. இடுப்பிலிருந்து பக்கமாக வீசப்படுகிறது. முதுகெலும்பும் கழுத்தும் அந்தத் திசையில் வரும் அடியைத் தாங்குவதற்கு அமைந்தவை அல்ல. பெல்ட் இல்லை, தலைக்குப் பின்னால் தாங்கல் இல்லை, மேலே துணிக்கூரை. கவிழ்ந்தால் முதலில் வெளியே விழுகிறவர் கடைசியில் ஏறி ஓரத்தில் உட்கார்ந்தவர். ஓட்டுநர் சிராய்ப்போடு நிற்க, பின்னால் இருந்தவர்களை நாங்கள் ஸ்ட்ரெச்சரில் இறக்கிய இரவுகள் எனக்கு மறக்கவில்லை.

பழைய தாரில் கடைசி வரை காற்றுப்பை கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் கூட 2019-இல், விற்பனை முடியும் தறுவாயில்தான் வந்தது. 2019-இல் வந்த மோதல் சோதனை விதிகளும், 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியும் சேர்ந்துதான் அந்த வண்டியை நிறுத்தின. 2020 அக்டோபரில் புதிய தார் வந்தபோதும் பக்கவாட்டு இருக்கை உள்ள ஆறு பேர் வகை ஒன்று விலைப்பட்டியலில் இருந்தது. சில வாரங்களிலேயே அதை எடுத்துவிட்டார்கள். முன்னோக்கிய இருக்கைகள் உள்ள வண்டி அந்த ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்துக்குத் தலா நான்கு நட்சத்திரம் பெற்றது. இரண்டு வண்டிகளையும் ஒப்பிடும்போது, எது சேற்றில் ஏறும் என்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

7. ஏலத்தோட்டத்தான் (போடிநாயக்கனூர்)

அக்காவின் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. அப்பாவிடமும் படித்துக் காட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் ஜீப்பில் ஒரு காலத்தில் பன்னிரண்டு பேர் வரை ஏறியிருக்கிறார்கள். அன்று அதைத் தவறு என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. நடந்து ஏறிய மலையில் வண்டி கிடைத்ததே என்று அவர்களும் நினைத்தார்கள். பழைய ஜீப்பைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்கிற "எவ்வளவு ஏற்றினாலும் போகும்" என்பதற்குள் அந்தப் பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். எனக்கு இப்போது மூன்று வண்டிகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு பின்னிருக்கையில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. எம்எம்540 ஆட்களையும் மூட்டைகளையும் சுமக்கக் கட்டிய வண்டி. அதன் உரிமையாளர் அதில் ஒரு பயணி. தம்பியின் தார் உரிமையாளருக்கும் அவர் வீட்டார் மூன்று பேருக்கும் கட்டிய வண்டி. அது நல்லபடியாகக் கட்டப்பட்டது. ஆனால் பழைய வண்டி செய்த வேலையை அது செய்வதில்லை. அந்த வேலை இப்போது வேனுக்கும் பிக்கப்புக்கும் போய்விட்டது. ஆகவே "எது மேல்" என்று நான் கேட்ட கேள்வியே, இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு ஒரே மதிப்பெண் கேட்டது போன்றது.

பட்டறைக்கார அண்ணனுக்கு ஒரு செய்தி. சென்ற ஐப்பசியில் தம்பியின் வண்டி தோட்டத்து ஷெட்டில் நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் எடுத்தபோது விளக்குப் பலகையில் மூன்று மஞ்சள் விளக்குகள் அணையவே இல்லை. வண்டி ஓடியது, தடி போட்டால் முன் ஆக்சிலும் இணைந்தது. ஆனால் ஏபிஎஸ்ஸும் பிரேக் வழியாக உதவும் அமைப்பும் வேலை செய்யவில்லை. போடிக்குக் கொண்டுவந்து ஸ்கேனர் வைத்துப் பார்த்தபோது பின்சக்கர சென்சாரின் ஒயரை எலி கடித்திருந்தது. இரண்டு விரற்கடை நீளம், அவ்வளவுதான். கண்ணால் பார்த்திருந்தால் நானே ஒட்டுப் போட்டிருப்பேன். எங்கே பார்ப்பது என்று சொல்லத்தான் இயந்திரம் தேவைப்பட்டது.

8. பட்டறைக்காரன் (கம்பம்)

செவிலியர் அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. பின்னால் கூடுதல் பலகை அடித்துத் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு நானும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இனி செய்ய மாட்டேன்.

எலி விஷயத்தில், ஷெட்டில் நிறுத்தும்போது இரவில் பானட்டைத் திறந்து வைத்து ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். தோட்டத்தில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்றும் முக்கியம். பிஎஸ்-6 டீசலின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரியை எரிக்க அது நன்றாகச் சூடாக வேண்டும். அதற்குச் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே லோ கியரில் ஊர்ந்துகொண்டிருந்தால் அந்தச் சூடு வராது, ஃபில்டர் அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருமுறை போடியிலிருந்து தேனி வரை, அதிக கியருக்கு மாற்றாமல் எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்றவிட்டு ஓட்டி வந்தால் போதும். தோட்டத்துக்கு மட்டுமே வண்டி வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

9. மலைச்சரிவு (குன்னூர்)

நான்கு பேருக்கு மேல் போக வேண்டும் என்றால் 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அதன் சக்கர இடைவெளி 2850 மில்லிமீட்டர். மூன்று கதவு வண்டியைவிட 400 மில்லிமீட்டர் அதிகம். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிறு தட்டும் அபாயமும், கொண்டை ஊசியில் திரும்ப வேண்டிய இடமும் அந்த அளவுக்குக் கூடும். நான்கு சக்கர இயக்கம் டீசலில் மட்டுமே கிடைக்கிறது. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு நல்ல வண்டி. செடிவரிசைப் பாதைக்கு அல்ல.

10. ஏலத்தோட்டத்தான் (போடிநாயக்கனூர்)

நேற்று மழை விட்டதும் மூன்று வண்டிகளையும் ஒரே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால், கல் பாவாத செம்மண் ஏற்றம். நடுவில் தண்ணீர் அறுத்த வாய்க்கால் ஒன்று குறுக்காக ஓடுகிறது. மூன்றையும் நானே ஓட்டினேன். லோ கியர், முதல் கியர், ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து ஏறுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

2013 தார் வாய்க்காலில் குறுக்கு மூலையாக இரண்டு சக்கரமும் சுற்றி நின்றுவிட்டது. குன்னூர் நண்பர் எழுதியது எழுத்துக்கு எழுத்து நடந்தது. பின்னால் எடுத்து, வாய்க்காலை வேறு கோணத்தில் அணுகிய பிறகு ஏறியது. எம்எம்540 அதே இடத்தில் தயங்கியது. ஆனால் முன் ஆக்சில் ஒரே துண்டாக இருப்பதால் ஒரு சக்கரம் மேலே போகும்போது மற்றது கீழே அழுத்தப்பட்டு, நான்கில் மூன்று தரையை விடாமல் பிடித்துக்கொண்டது. மிக மெதுவாக, உறுமிக்கொண்டே ஏறிவிட்டது. தம்பியின் வண்டியில் முன் சக்கரம் ஒன்று ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கியது. பின்னால் பூட்டு விழும் சத்தம் கேட்டது, பிரேக் படபடவென்று பிடித்து விட்டது, வண்டி நிற்காமலே மேலே போய்விட்டது. ஆக, 1991 வண்டியும் 2021 வண்டியும் முதல் முயற்சியிலேயே ஏறின, இரண்டு வேறு காரணங்களால். இடையில் வந்ததுதான் தடுமாறியது. முன்பக்கத்து ஒரே துண்டு ஆக்சிலையும் விட்டு, பூட்டும் இல்லாமல் வந்த வண்டி அது என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை.

வீட்டில் எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். வேலையாட்களுக்கு மெட்டு வரை இருக்கைக்கு ஒருவராக வேன் பேசியாயிற்று. வரும் திங்கள்கிழமை முதல் ஓடும். என் 2013 வண்டியை விற்கிறேன். எம்எம்540-இன் பின்பக்கத்து நீள இருக்கைகளை இன்று காலை அப்பாவே ஸ்பேனர் எடுத்துக் கழற்றினார். பக்கத்துக்கு நான்கு போல்ட். துருப்பிடித்துப் போன இரண்டை மட்டும் நான் வெட்டிக் கொடுத்தேன். பதிவைப் புதுப்பித்து, தோட்டத்துக்குள் உரமும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்ற அதை வைத்துக்கொள்கிறோம். பிளேட்டுகளைப் பிரித்துப் புதிதாக அடுக்க வேண்டும். பட்டறைக்கார அண்ணனுக்கு அடுத்த வாரம் வசதிப்படுமா என்று சொன்னால் கம்பத்துக்குக் கொண்டு வருகிறேன்.

11. பட்டறைக்காரன் (கம்பம்)

புதன்கிழமை கொண்டு வாருங்கள். சென்டர் போல்ட், யூ கிளாம்ப், ஷாக்கிள் பின் மூன்றையும் புதிதாகவே போட்டுவிடலாம். அப்பாவையும் அழைத்து வாருங்கள். பழைய பிளேட்டுகளில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று அவரும் பார்த்துச் சொல்லட்டும்.